பெட்டியில் கிடைத்த மூலநிரல்: உரியவரிடம் கொடுப்பதா, காப்பாற்றி வைப்பதா?

#1 தகட்டுப்பெட்டி

பழைய கணினிப் பொருள்களை மொத்தமாக வாங்கிப் பிரித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. சென்ற மாதம் வந்த அட்டைப்பெட்டியில் நான்கு விசைப்பலகைகள், இரண்டு மோடம்கள், சிக்கெடுக்க முடியாத ஒரு கேபிள் உருண்டை, அடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 14 சிடிகள். ரப்பர் உருகி விளிம்புகளில் பசையாகப் படிந்திருந்தது. 13 தகடுகள் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் கூடவே வரும் டிரைவர் மென்பொருள்கள். பதினான்காவது, நாமே பதிவுசெய்யும் வகை. மேலே கறுப்பு மார்க்கரில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'முழு மூலம், இறுதி. வெளியே போகக் கூடாது.' 'கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடுகள்.

கணினியில் போட்டுக் கோப்புகளின் பட்டியலை மட்டும் பார்த்தேன். 1995ல் வந்த, சிறுவர்களுக்கான ஓர் ஓவிய மென்பொருளின் மூலநிரல், அதாவது அதை உருவாக்கியவர்கள் கைப்பட எழுதிய அசல் நிரல். பெயரைச் சொல்லவில்லை, காரணம் புரியும். எனக்கு மௌஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அதுதான். அதில் அழிப்பானை அழுத்தினால் படம் சட்டென்று மறையாது; மணல்போலச் சரிந்து கீழே குவியும். அது எப்படி நடக்கிறது என்று பத்து வயதில் நாள்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். இப்போது அதற்கான விடை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

உருவாக்கிய நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. அதை மற்றொன்று விழுங்கியது. இன்று அந்த மென்பொருளை யாரும் விற்பதில்லை. பழைய கணினியைப்போல நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் பழைய இயங்குதளத்தை ஓட்டினால்தான் திறக்கும்.

நான் இன்னும் பிரதி எடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் குப்பைக்குப் போய்விடுமோ என்று பயம். வெளியிட்டால் திருட்டோ என்று உறுத்தல். இழுப்பறையிலேயே பூட்டி வைத்தால் இரண்டு தப்பையும் ஒருசேரச் செய்வதாகத் தோன்றுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

#2 எட்டுதிசை

ஏற்றிவிடுங்கள். விற்காத பொருளுக்கு நட்டம் ஏது? பத்துப் பேர் இறக்கிக்கொண்டால் அதன்பிறகு எந்த வழக்கறிஞராலும் அதை அழிக்க முடியாது. நாளைக்கே தகடு கைதவறி விழுந்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

#3 நேர்கோடு

இரண்டு கோடு போட்டு 'கூடாது' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இந்தக் கேள்வி ஏன்? வழியில் ஒரு வீட்டின் சாவி கிடந்தால் உரியவரைத் தேடிக் கொடுப்போம். 'வீடு பூட்டித்தானே கிடக்கிறது, உள்ளே நல்ல ஓவியங்கள் இருக்கின்றன, எல்லோரும் பார்க்கட்டும்' என்று கதவைத் திறந்துவிட மாட்டோம். சொத்துக்காரர் அதை அனுபவிக்கிறாரா, பூட்டி வைக்கிறாரா என்பது நம் கவலை அல்ல.

#4 எட்டுதிசை

பூட்டிய வீட்டுக்குள் கரையான் அரிக்கிறது என்று தெரிந்தால்?

#5 நேர்கோடு

உரியவருக்குச் சொல்வேன். பூட்டை உடைக்க மாட்டேன்.

#6 இரவுப்பறவை

இதே கதை 2017ல் நடந்திருக்கிறது. கணினி விளையாட்டுகள் செய்யும் பிளிஸார்ட் நிறுவனத்தின் பழைய பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியை இபேயில் வாங்கியவருக்கு, அதற்குள் 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டின் மூலநிரல் தகடு கிடைத்தது. படம் எடுத்து ரெட்டிட்டில் போட்டு, என்ன செய்யலாம் என்று இவரைப் போலவே கேட்டார். பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து தொடர்பு வந்தது; தகட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். நன்றியாக ஒரு புதிய விளையாட்டின் பிரதி, நிறுவனத்தின் கடையில் செலவழிக்க 250 டாலர், பின்னால் அந்த நிறுவனத்தின் பிளிஸ்கான் விழாவுக்குச் செலவில்லாமல் ஓர் அழைப்பு. பாராட்டியவர்களும் உண்டு, 'போயும் போயும் இதற்காகவா கொடுத்தாய்' என்று ஏசியவர்களும் உண்டு.

அந்த விஷயத்தில் திருப்பிக் கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். 1998ல் வந்த விளையாட்டு என்றாலும் உரிமையாளர் கண்ணெதிரே இருந்தார். அதே ஆண்டு அந்த விளையாட்டைப் புதுப்பித்தும் வெளியிட்டார். தகடு அவர்கள் கைக்குப் போனதால் உலகம் எதையும் இழக்கவில்லை. தகட்டுப்பெட்டியின் நிலைமை அது அல்ல. தன்னிடம் இப்படி ஒரு சொத்து இருப்பதே தெரியாத ஒருவரிடம் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

#7 தராசு

சட்டம் படித்தவள் என்பதால் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டுப் போகிறேன். இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

உங்கள் இழுப்பறையில் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. தகடு ஒன்று. அதில் பதிந்திருக்கும் படைப்பு இன்னொன்று.

தகட்டைப் பற்றி முதலில். 1722ல் இங்கிலாந்தில் ஆர்மரி எதிர் டெலமிரி என்று ஒரு வழக்கு. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் ஒரு நகையைக் கண்டெடுத்தான். மதிப்புக் கேட்கலாம் என்று பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோனான். கடையில் வேலை பழகிய பையன் எடை போடுவதுபோல வாங்கிக் கற்களைக் கழற்றிக்கொண்டு, வெறும் கூட்டை நீட்டினான். சிறுவன் வழக்குப் போட்டு வென்றான். கண்டெடுத்தவனுக்கு, உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோரையும்விட மேலான உரிமை உண்டு என்பது தீர்ப்பு. கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த கல்லின் விலையைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். (சட்டக் கல்லூரியில் எனக்குத் தூக்கம் வராத வகுப்பு அது ஒன்றுதான்.)

'உண்மையான உரிமையாளரைத் தவிர' என்ற சொற்களில்தான் உங்கள் சிக்கல். அந்தத் தகட்டை நிறுவனமே கழித்துப் போட்டது என்றால் அது இன்று உங்களுடையதாகவே இருக்கலாம். ஊழியர் ஒருவர் பையில் போட்டு எடுத்து வந்தது என்றால், விற்றவருக்கே இல்லாத உரிமை வாங்கியவருக்கு எங்கிருந்து வரும்?

ஆனால் தகடு உங்களுடையதே ஆனாலும் பதிப்புரிமை கூடவே வந்துவிடாது. நாவல் வாங்கியவர் அதை அச்சடித்து விநியோகிக்க முடியாது அல்லவா, அதுபோல. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனத்துக்காக ஊழியர்கள் எழுதிய படைப்புக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு. 1995ல் வந்த மென்பொருள் 2090 முடியும்வரை பூட்டில் இருக்கும். தகடு அதுவரை இருக்குமா என்பதை, இங்கே ஆவணக்காப்பகத்தில் வேலை செய்யும் நூலகமேசைதான் சொல்ல வேண்டும்.

#8 நூலகமேசை

இருக்காது.

பதிவுசெய்யும் சிடியில் தரவு இருப்பது ஒரு மெல்லிய கரிமச் சாயப் படலத்தில். வெளிச்சம், வெப்பம், ஈரம் மூன்றும் அதற்குப் பகை. இன்னொன்று: எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துப் பார்த்துத் தொடுகிறார்கள். ஆபத்து அதிகம் எழுத்துள்ள மேற்பக்கத்தில். உலோகப் படலமும் சாயமும் அந்தப் பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கின்றன. ரப்பர் பசையை நகத்தால் சுரண்டிவிடாதீர்கள். சுரண்டினால் பசையோடு சேர்ந்து தரவும் பெயர்ந்து வரும்.

ஆவணக்காப்பகத்தில் வேலை செய்கிறேன். 'உரியவரிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும்' என்ற நேர்கோட்டின் நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் இல்லை. ஸ்கொயர் எனிக்ஸ் தன் 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டை 2013ல் உயர்தெளிவில் மறுபடி வெளியிட முனைந்தபோது, பதினோரு ஆண்டுக்கு முன் தானே செய்த விளையாட்டின் மூலத் தரவு தன்னிடம் இல்லை என்று கண்டது. கடையில் விற்ற பிரதியைப் பிரித்துப் பார்த்து நிறையப் பகுதிகளைத் திரும்பச் செய்தார்கள். 2012ல் 'சைலண்ட் ஹில்' தொகுப்பைப் புதுப்பித்த குழுவுக்கு, அதன் உரிமையாளரான கொனாமியிடமிருந்து கிடைத்தது இறுதி வடிவம் அல்லாத நிரல். எப்போதோ தீர்த்துவிட்ட பிழைகளை அவர்கள் இரண்டாவது முறை தீர்க்க வேண்டியிருந்தது. இவர்கள் சிறிய நிறுவனங்களும் அல்ல, அந்த விளையாட்டுகள் விற்காதவையும் அல்ல.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் ஆப்பிள் கணினி மூலநிரல் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கிறது என்றால், அதை எழுதிய ஜோர்டன் மெக்னரின் தந்தை 2012ல் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டி பிளாப்பிகளைத் தோண்டி எடுத்ததுதான் காரணம். அங்கே எழுதியவரே உரிமையாளர், அதனால் வெளியிடுவதில் சிக்கல் இல்லை.

சிக்கல் உள்ள கதையும் ஒன்று சொல்கிறேன். 1922ல் வந்த 'நாஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படம், 'டிராகுலா' நாவலை அனுமதியில்லாமல் எடுத்தாண்டது. எழுத்தாளரின் மனைவி வழக்குத் தொடுத்தார். நியாயம் அவர் பக்கம்தான். 1925ல் ஜெர்மன் நீதிமன்றம் படச்சுருள்களை அழிக்கச் சொன்னது. அந்த உத்தரவு முழுதாக நிறைவேறியிருந்தால் அந்தப் படம் இன்று இல்லை. யாரோ சிலர் கீழ்ப்படியாததால் இருக்கிறது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஆனால் தூக்கிப்பிடிக்கக் கொஞ்சம் கூச்சம்தான். அந்தப் பெண்மணிக்கு அநியாயம் நடந்தது என்பதும் உண்மைதானே.

ஆகவே, எதை முடிவு செய்தாலும் முதல் வேலை தகட்டின் முழுப் படிமத்தை, அதாவது அதில் உள்ளதை அப்படியே ஒரே கோப்பாக, எடுப்பது. எடுத்து, அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணைக் குறித்து வையுங்கள். இணையத்தில் ஏற்றுவது வேறு, அழியாமல் வைப்பது வேறு. எட்டுதிசை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார், நேர்கோடும் அப்படியே.

#9 நேர்கோடு

படிமம் எடுப்பதே பதிப்புரிமை மீறல் அல்லவா?

#10 தராசு

இறுக்கிப் பிடித்தால் ஆம். நூலகங்களுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு, தனியாருக்குச் சாம்பல் நிறப் பகுதி. ஆனால் உரியவரிடம் ஒப்படைக்கும்வரை சிதையாமல் இருக்க எடுத்த பிரதிக்காக யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுத்து நான் பார்த்ததில்லை.

#11 ஓய்வுநிரலர்

31 ஆண்டுகள் நிரல் எழுதிப் பிழைத்தவன். இது என் மென்பொருள் அல்ல, ஆனால் இதே காலத்தில் இதே மாதிரி ஒன்றில் இருந்தேன். எல்லோரும் நிறுவனத்தைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். எழுதியவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மூலநிரல் என்றால் கணக்கும் சூத்திரமும் மட்டும் என்று நினைக்கிறீர்களா? வரிகளுக்கு நடுவே, கணினிக்கு அல்லாமல் படிக்கும் மனிதருக்காக எழுதிய குறிப்புரைகள் இருக்கும். வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பு, இரவு இரண்டு மணிக்கு எழுதியவை. என்னுடையதில் ஒன்று நினைவிருக்கிறது. உடன் வேலை செய்த ஒருவரின் பெயரைப் போட்டு, 'இந்தப் பகுதியைத் தொட்டவர் இனிமேல் எதையும் தொட வேண்டாம்' என்று எழுதினேன். அவர் அந்த வாரம் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வரியை அழிக்க மறந்துவிட்டேன். நிரல் போனது, தகட்டில் ஏறியது, பூட்டி வைத்தார்கள். அந்தத் தகடு நாளைக்கு யாராவது ஒருவரின் பெட்டியில் கிடைத்து, அதைக் 'கலாசாரம்' என்று ஏற்றினால், அவருடைய பேரப்பிள்ளை தேடுபொறியில் அவர் பெயரைத் தட்டும்போது என் வசவு வந்து நிற்கும்.

நெட்ஸ்கேப் 1998ல் தன் உலாவியின் நிரலைத் திறந்துவிட்டபோது, முதலில் உட்கார்ந்து குறிப்புரைகளில் இருந்த கெட்ட வார்த்தைகளைத் துடைத்தார்கள். மற்றவர்களிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த பகுதிகளையும் பிரித்து எடுத்தார்கள். 'டூம்' விளையாட்டின் நிரல் 1997ல் வந்தபோது ஒலிப் பகுதி அதில் இல்லை, அது பிறருடைய சரக்கு என்பதால். உரிமையாளரே வெளியிடும்போது இவ்வளவு சலிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தகட்டை அப்படியே கவிழ்த்துக் கொட்டுபவர் எதைச் சலிப்பார்?

இதைச் சொன்னதும், 'அப்படியானால் அழியட்டும் என்கிறீர்களா' என்று கேட்பீர்கள். இல்லை. ஆறு ஆண்டுகள் உழைத்த என்னுடைய ஒரு திட்டம் முழுதாகத் தொலைந்துபோனது. ஒரு வரிகூட மிஞ்சவில்லை. யாராவது திருடியாவது வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்த இரவுகள் உண்டு. இரண்டும் என் மனதில்தான் இருக்கின்றன. எப்படிப் பொருத்துவது என்று எனக்கும் தெரியவில்லை.

#12 இரவுப்பறவை

ஓய்வுநிரலர் ஐயா, இந்தப் பக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

#13 மறுவடிவம்

பழைய மென்பொருள்களைப் புதிய கணினிகளில் ஓட வைக்கும் வேலை செய்கிறேன், தன்னார்வமாக. எட்டுதிசைக்கு அதிர்ச்சியாக இருக்கலாம்: தயவுசெய்து ஏற்றாதீர்கள். கசிந்த மூலநிரல் எங்களுக்கு விஷம்.

நாங்கள் செய்வது, மென்பொருளை வெளியிலிருந்து கவனித்து, அதேபோல நடந்துகொள்ளும் ஒன்றைச் சொந்தமாக எழுதுவது. 1984ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் ஐபிஎம் கணினியின் பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலை, இப்படித்தான் மறுபடி எழுதியது. ஒரு குழு அசலைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் விவரம் எழுதும். அசலைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு அதை வைத்து நிரல் எழுதும். இத்தனைக்கும் அந்தப் பயாஸின் மூலநிரலை ஐபிஎம் தன் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதான் அங்கே சிக்கலே: படித்தவர் எழுதினால் நகல் என்பார்கள்.

2004ல் விண்டோஸ் 2000 நிரலின் ஒரு பகுதி கசிந்தது. விண்டோஸ் மென்பொருள்களை வேறு இயங்குதளங்களில் ஓட வைக்கும் வைன் திட்டத்தில் இன்றைக்கும், விண்டோஸ் மூலநிரலைப் பார்த்தவர் பங்களிக்கக் கூடாது என்பது விதி. விண்டோஸைப் போன்ற ஓர் இயங்குதளத்தைச் சொந்தமாக எழுதும் ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தில் 2006ல் இப்படி ஒரு சந்தேகம் கிளம்பியதற்கே, தங்கள் நிரல் முழுவதையும் வரிவரியாகத் தணிக்கை செய்யப் போனார்கள். வெளியிட்டவர் தியாகி ஆகிவிடுவார். பல ஆண்டு நேர்மையாக வேலை செய்தவர்கள் 'நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா' என்று குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள்.

#14 எட்டுதிசை

சரி, ஏற்றுவது பற்றி நான் கொஞ்சம் அவசரப்பட்டேன். ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கடைசியில் 'பூட்டி வை' என்ற இடத்துக்குத்தானே வருகிறீர்கள்? செல்லரித்த ஓலைச்சுவடிகளை வீடு வீடாகப் போய்த் தேடி அச்சேற்றியவர்களைக் கொண்டாடுகிறோம். அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் மனமுவந்தா கொடுத்தார்கள்?

#15 மௌனவாசகி

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓர் அடிப்படைக் கேள்வி. மூலநிரல் கலாசாரம்தானா? குழந்தைகள் வரைந்தது அந்த மென்பொருளில். அது எமுலேட்டரில் இன்றும் ஓடுகிறது. சமையலைச் சுவைத்தவர்களுக்குச் சமையற்காரரின் குறிப்பேடு எதற்கு?

#16 நூலகமேசை

நல்ல கேள்வி. என் தொழிலிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு.

ஓடும் மென்பொருள், என்ன நடந்தது என்று காட்டும். ஏன் அப்படிச் செய்தார்கள், எதைச் செய்துபார்த்துக் கைவிட்டார்கள், எந்த இடத்தில் நினைவகம் போதாமல் திணறினார்கள் என்பதெல்லாம் மூலநிரலில்தான் இருக்கும். மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, குறிப்புரைகள் உதிர்ந்துவிடும், பெரும்பாலான பெயர்களும் போய்விடும். சுவடி ஒப்பீடு பாதிதான் பொருந்துகிறது, எட்டுதிசை. அந்த நூல்களை எழுதியவர்கள் பல நூற்றாண்டு முன்பே போய்விட்டார்கள். ஓய்வுநிரலர் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

உரிமையாளர் மனது வைத்தால் எல்லாமே எளிது. கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2010ல் மேக்பெயிண்ட், 2013ல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு, 2014ல் எம்எஸ்-டாஸ், 2023ல் ஆப்பிள் லிசா என்று வரிசையாக மூலநிரல்களை அனுமதியோடு வெளியிட்டது. 2025ல் யூட்டா பல்கலைக்கழகத்தின் சேமிப்பறை ஒன்றில், 1973ஆம் ஆண்டின் யூனிக்ஸ் இயங்குதளத்தின் நான்காம் பதிப்பு அடங்கிய காந்த நாடா அகப்பட்டது. அதே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். யாரும் இந்த இழையில் உள்ளதுபோல அடித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் பழைய யூனிக்ஸ் பதிப்புகளின் உரிமையை வைத்திருந்த கால்டெரா நிறுவனம் 2002லேயே தாராள உரிமத்தில் விட்டிருந்தது.

எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் வேறு. அமெரிக்காவில் மென்பொருளுக்குப் பதிப்புரிமைப் பதிவு செய்யும்போது, மூலநிரலின் முதல் 25 பக்கம், கடைசி 25 பக்கம் கொடுத்தால் போதும். இரகசியம் என்றால் அதிலும் பகுதிகளை மறைத்துக்கொள்ளலாம். சமூகம் 95 ஆண்டுகள் காவல் நிற்கிறது. காவல் முடியும் நாளில் கையில் தருவதற்கு யாரிடமும் முழு நிரல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கும் கண்டுபிடிப்பாளராவது இயந்திரத்தின் விவரத்தை எழுதிக் கொடுக்கிறார். இந்த ஒப்பந்தத்தில் நமக்கு வரவேண்டிய பாதியை யாரும் எழுதவே இல்லை.

#17 நேர்கோடு

அதை நான் ஏற்கிறேன். சட்டத்தை மாற்றப் போராடுவோம். ஆனால் சட்டம் ஓட்டையாக இருக்கிறது என்பதற்காக இவர் கையில் உள்ளது இவருடையது ஆகிவிடாது.

#18 தகட்டுப்பெட்டி

எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. நூலகமேசை சொன்னபடி பசையைத் தொடாமல் படிமம் எடுத்தேன். என் புது டிரைவ் பாதியில் திக்கி நின்றது. என் சேகரிப்பில் இருந்த ஒரு பழைய டிரைவைப் பொருத்தி, வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். ஓர் இரவு முழுக்கக் கிர்ர் என்று இழுத்துக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால், தகட்டில் தரவு பிரிந்திருக்கும் சிறு துண்டுகளான செக்டர்களில் மூன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

செக்டருக்கு 2048 பைட்டுகள். மொத்தத்தில் தூசு. அவை எந்தக் கோப்பில் விழுகின்றன என்று கணக்குப் போட்டேன். சிரிக்காதீர்கள். 'மணல்' என்று பெயர் வைத்த கோப்பில்.

அதை மட்டும் திறந்தேன். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். மேலே ஒரு குறிப்புரை: 'இது ஏன் வேலை செய்கிறது என்று விளக்குகிறேன், பொறுமையாகப் படிக்கவும்'. அதன் கீழே ஒன்றரை வரி. அப்புறம் வெறும் சுழியங்கள்.

#19 மறுவடிவம்

மணல் சரிவது பெரிய மாயம் இல்லை. திரையைக் கீழ்வரிசையிலிருந்து மேலே படிக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு நேர் கீழே காலியாக இருந்தால் அங்கே இறக்கு. இல்லையென்றால் இடக்கீழ் அல்லது வலக்கீழ் காலியா பார், ஏதாவது ஒன்றில் தள்ளு. இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடு. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் குவியல் வந்துவிடும். அரை மணி நேரத்தில் எழுதித் தருகிறேன்.

#20 ஓய்வுநிரலர்

தம்பி, அந்தக் காலத்துக் கணினியில் திரை முழுவதையும் ஒவ்வொரு முறையும் படித்தால் குழந்தை தூங்கிவிடும். அவர் வேறு ஏதோ செய்திருக்கிறார். மாறிய பத்திகளை மட்டும் குறித்து வைத்திருக்கலாம். வண்ண அட்டவணையில் ஏதாவது தந்திரம் செய்திருக்கலாம். 'இப்படி எழுதலாம்' என்று நீங்கள் சொல்வது சரி. 'இப்படி எழுதினார்' என்பது அந்த மூன்று செக்டரில் இருந்தது. மௌனவாசகி கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

#21 இரவுப்பறவை

உரிமையாளருக்கு எழுதும்போது 'அருங்காட்சியகத்தில் ஒரு பிரதி வைக்கச் சம்மதித்தால் தகட்டைத் தருகிறேன்' என்று கேட்டால் என்ன?

#22 நேர்கோடு

உங்கள் பர்ஸைக் கண்டெடுத்தவர், 'அநாதை இல்லத்துக்கு நன்கொடை தருவதாகச் சொன்னால் தருகிறேன்' என்றால் எப்படி இருக்கும்? நோக்கம் நல்லதாக இருந்தாலும் அதற்குப் பேரம் என்றுதான் பெயர்.

#23 தராசு

நேர்கோடு சொல்வது நியாயம், சட்டப்படியும் புத்திசாலித்தனம். நிபந்தனை வேண்டாம். கோரிக்கையாக எழுதுங்கள். தகட்டைத் தருவதாக முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, இரண்டாவது பத்தியில் கேளுங்கள்: முத்திரையிட்ட பிரதி ஒன்று ஒரு காப்பகத்தில் இருக்கட்டும், பதிப்புரிமை முடியும்வரையோ நீங்கள் அனுமதிக்கும்வரையோ யாருக்கும் திறக்கப்படாது என்று. நிறுவனங்களுக்கு இது புதிதும் அல்ல. சிறிய நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்கள், விற்றவர் திவாலானால் எடுத்துக்கொள்ள மூலநிரலை மூன்றாவது ஆளிடம் ஒப்படைத்து வைக்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். ஒப்படைப்புச் சீட்டு வாங்காமல் தகட்டை அனுப்பாதீர்கள். குறிப்புரைகளைப் பற்றி ஓய்வுநிரலர் சொன்னதையும் ஒரு வரி சேருங்கள்.

#24 எட்டுதிசை

அவர்கள் மறுத்தால்?

#25 தராசு

மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்போது அடுத்ததைப் பேசுவோம்.

#26 தகட்டுப்பெட்டி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தராசு சொன்னபடியே எழுதினேன். முதல் பதில் பத்து நாள் கழித்து வந்தது: 'நீங்கள் குறிப்பிடும் தயாரிப்பு எது?' பெயர், வெளிவந்த ஆண்டு, பெட்டியின் படம் எல்லாம் அனுப்பினேன். அடுத்து சட்டப் பிரிவிலிருந்து கடிதம். தகட்டை உடனே அனுப்ப வேண்டும், எடுத்த பிரதிகள் அனைத்தையும் அழித்து, அழித்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று இரண்டு பத்தி. காப்பகக் கோரிக்கை பற்றி ஒரு சொல் இல்லை. தகட்டை அனுப்பினேன், ஒப்படைப்புச் சீட்டும் வாங்கிவிட்டேன். பிரதியை அழிக்கக் கை வரவில்லை. அந்தக் கடிதம் அப்படியே மேசையில் கிடக்கிறது.

நேற்று அதே நிறுவனத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல். இந்த முறை ஒரு பொறியாளர். அவர்கள் அலுவலகத்தில் எங்கே தேடியும் ஒரே ஒரு சிடி டிரைவ்தான் கிடைத்ததாம். அது தகட்டை அடையாளம் காணவே மறுக்கிறதாம். 'உங்களிடம் படிமம் இருந்தால் தயவுசெய்து அனுப்ப முடியுமா?' என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில், தானும் சின்ன வயதில் அதில் வரைந்ததாகவும், அந்த மணல் கோப்பு அப்படிமத்தில் முழுதாக இருக்கிறதா என்றும்.

அனுப்பிவிட்டேன். மணல் பற்றி உண்மையைச் சொன்னேன். அன்று அங்கே வேலை செய்த யாராவது இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா என்று விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தராசு, சட்டப் பிரிவின் கடிதத்துக்கு இப்போது என்ன பதில் எழுதுவது?

#27 தராசு

பொய் மட்டும் எழுதாதீர்கள். பொறியாளரின் மின்னஞ்சலை இணைத்து, 'உங்கள் அலுவலகமே கேட்டுக்கொண்டதால் படிமத்தை அனுப்பியுள்ளேன். அது உங்களிடம் சரியாகத் திறந்து, ஹாஷ் எண் ஒத்துப்போவதாக எழுத்தில் உறுதி செய்த பிறகு, என் பிரதியைப் பற்றி முடிவு செய்யலாம்' என்று எழுதுங்கள். காப்பகக் கோரிக்கையை இன்னொரு முறை கீழே ஒட்டுங்கள். இந்தமுறை நகலை அந்தப் பொறியாளருக்கும் போடுங்கள்.